வீட்டில் ஸ்பீக்கர்களை ஒப்பிட்டுக் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு "கடையில் கேட்ட மாதிரி வீட்டில் இல்லையே" என்று தவிப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பதற்காக மூன்று சிறிய ஸ்பீக்கர்களை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: ஹார்பெத் பி3இஎஸ்ஆர், கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா, கிளிப்ஷ் ஆர்பி-600எம். மூன்றுமே ஸ்டாண்டில் உட்காரும் அளவுதான். ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று குடும்பங்களில் பிறந்தவை. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க இவற்றைவிட நல்ல கூட்டணி கிடைப்பது கடினம்.

ஸ்பீக்கருக்கு 'குணம்' என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா?

இருக்கிறது. ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைவிட இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் பல மடங்கு பெரியது. நல்ல ஆம்ப் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண், டெசிபல் என்பது சத்தத்தின் அளவு) ஒரு டெசிபல்கூடப் பிசகாமல் போகும். அறைக்குள் வைத்த ஸ்பீக்கர் கனத்த கீழ் ஒலிகளான பேஸ் பகுதியில் மட்டுமே பத்து டெசிபல் ஏறி இறங்கும்.

ஒவ்வொன்றின் குணமும் அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதிலிருந்து வருகிறது. ஹார்பெத்தின் பூர்வீகம் பிபிசி. ஸ்டுடியோவுக்கு வெளியே இருந்து ஒலிபரப்பும் வேன்களில் இடம் குறைவு. அங்கே உட்கார்ந்து அறிவிப்பாளரின் குரல் சரியாக வருகிறதா என்று கேட்க 1970களில் பிபிசி பொறியாளர்கள் எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டியை உருவாக்கினார்கள். சுமார் ஐந்து லிட்டர் கொள்ளளவு, துளையில்லாத மூடிய பெட்டி, மெல்லிய பலகைச் சுவர், அந்தச் சுவர் அதிராமல் இருக்க உள்ளே ஒட்டிய அடர்த்தியான பூச்சு. பிபிசியில் இருந்த டட்லி ஹார்வுட் 1977இல் தொடங்கிய நிறுவனம்தான் ஹார்பெத். பி3இஎஸ்ஆர் அந்த எல்எஸ்3/5ஏவின் வாரிசு. மனிதக் குரல்தான் அதன் உயிர்.

கேஇஎஃப் வேறு வழியில் போனது. மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டரை, கீழ் ஒலிகளைத் தரும் வூஃபரின் நடுவிலேயே வைத்து, சத்தம் முழுவதும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படும்படி செய்த யூனி-க்யூ அமைப்பை 1988இல் கொண்டுவந்தது. தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி 2012இல் எல்எஸ்50ஐ வெளியிட்டது. 2020இல் மெட்டா வந்தது. ட்வீட்டரின் பின்பக்கமாகப் போகும் ஒலியை ஒரு புதிர்ப்பாதைத் தகடு விழுங்கிவிடும் என்பதுதான் மெட்டாவில் புதிது.

கிளிப்ஷ் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் உள்ள ஹோப் என்ற ஊரில் 1946இல் பால் கிளிப்ஷ் தொடங்கியது. ஒலியை முன்னோக்கிக் குவித்துத் தரும், வாய் விரிந்த ஹார்ன்தான் அவர்கள் அடையாளம். கொஞ்சம் வாட்ஸ் கொடுத்தாலே நிறையச் சத்தம், திடீரென்று எழும் அடியை நசுக்காமல் தருவது: இதுதான் அவர்கள் தேடியது.

ஒப்பிடும் முன்பு முதலில் சரிசெய்ய வேண்டியது எது?

சத்தத்தின் அளவு. இதைச் செய்யாமல் நடத்தும் ஒப்பீடு எதுவும் செல்லாது என்றே சொல்வேன்.

ஒரே வால்யூமில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டால் கிளிப்ஷ்தான் ஜெயிக்கும். காரணம் எளிது. ஒரே உள்ளீட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்று நிறுவனங்கள் அச்சிடும் கணக்குப்படி ஆர்பி-600எம் 96 டெசிபல், எல்எஸ்50 மெட்டா 85, பி3இஎஸ்ஆர் 83.5. கிளிப்ஷுக்கு ஒரு வாட் போதுமான இடத்தில் கேஇஎஃபுக்குப் பன்னிரண்டு வாட்டுக்கு மேல் வேண்டும், ஹார்பெத்துக்குப் பதினேழு பதினெட்டு. விளம்பரக் கணக்கில் இரண்டு மூன்று டெசிபல் தள்ளுபடி செய்தாலும் இடைவெளி பெரியதுதான். சற்றே கூடுதலான சத்தத்தை நம் காது 'சத்தம் கூடுதல்' என்று உணர்வதில்லை. 'தெளிவு', 'உயிர்ப்பு', 'ஆழம்' என்றுதான் உணர்கிறது.

சரிசெய்வது எப்படி? பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த, இரைச்சல் போன்ற சோதனை ஒலி) கோப்பு ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. அறையின் பேஸ் கோளாறு கணக்கைக் குழப்பாது. நீங்கள் உட்காரும் இடத்தில், காது இருக்கும் உயரத்தில் போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி டெசிபல் காட்டும் ஆப்பைத் திறங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரே எண்ணைக் காட்டும் வால்யூம் நிலை எது என்று குறித்துக்கொள்ளுங்கள். போன் காட்டும் எண் உண்மையான எண்ணாக இல்லாமல் போகலாம். கவலை வேண்டாம், நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும். அரை டெசிபலுக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும்.

வயர் மாற்றும்போது ஆம்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள். பிளஸ் மைனஸ் வயர்கள் ஒன்றோடொன்று உரசினால் ஆம்ப் போய்விடும்.

கடையில் பிரமாதமாக இருந்தது, வீட்டில் ஏன் 'தொம் தொம்' என்கிறது?

பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல் குற்றம் இல்லை. அறைதான் காரணம்.

நம் வீடுகள் கான்கிரீட் கூரை, சிமென்ட் பூசிய செங்கல் சுவர், டைல்ஸ் அல்லது மொசைக் தரை. எதுவுமே ஒலியை உறிஞ்சாது. மேற்கு நாடுகளின் விமர்சனங்களில் வரும் மரச்சட்டச் சுவரும் கனமான கம்பளமும் போட்ட அறை இங்கே இல்லை. அங்கே நடுநிலையாகக் கேட்ட ஸ்பீக்கர் இங்கே கூச்சலிடுவதில் ஆச்சரியம் இல்லை.

பேஸ் விஷயத்தில் கணக்கே போட்டுப் பார்க்கலாம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி முன்னும் பின்னும் மோதி, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தேங்கி நிற்கும். ஒலியின் வேகத்தை (நொடிக்கு சுமார் 343 மீட்டர்) சுவர்களின் இடைவெளியைப் போல இருமடங்கால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ். கூரையும் 10 அடி உயரம் என்றால் அதே 56 ஹெர்ட்ஸ் இரண்டு திசையில் சேர்ந்து தேங்கும். நம் படுக்கையறைகளில் பாதி இந்த அளவுதான்!

இப்போது மூன்று ஸ்பீக்கரையும் அந்த அறையில் வைத்துப் பாருங்கள். கிளிப்ஷ் 45 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று அதன் விவரக்குறிப்பு சொல்கிறது. அதனால் 47, 56 இரண்டையும் தட்டி எழுப்பிவிடும். ஹார்பெத்தின் எல்லை 75, கேஇஎஃபின் எல்லை 79. அதற்குக் கீழே அவற்றின் சத்தம் சரிந்துவிடுவதால் அறை அவ்வளவாக விழிப்பதில்லை. "சின்ன ஸ்பீக்கர்தான் சுத்தமாக இருக்கிறது" என்று அந்த அறையில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அதே கிளிப்ஷை இருபதடி ஹாலில் வைத்தால் தீர்ப்பு மாறும்.

செலவில்லாமல் செய்யக்கூடியது: ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் தரையில் கெட்டியான ஜமுக்காளம், உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலுக்குக் கனமான திரை. இவை மேல் சுரங்களின் கூச்சலைத்தான் குறைக்கும். 50 ஹெர்ட்ஸ் தேக்கத்தை ஜமுக்காளம் ஒன்றும் செய்யாது. அதற்கு ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவதுதான் வழி. நாற்காலியை அந்தப் பின்சுவரில் ஒட்டிப் போட்டிருந்தால் முதலில் அதை முன்னால் இழுங்கள்.

அப்புறம் மின்விசிறி. வேகமாக ஓடும் விசிறியின் கீழே உட்கார்ந்து மெல்லிய கார்வைகளை ஒப்பிட முடியாது. வெயில் தணிந்த பிறகு, விசிறியை நிறுத்திக் கேளுங்கள். நிறுத்த முடியாது என்றால் இரண்டு முறையும் ஒரே வேகத்தில் ஓடட்டும்.

இரண்டு ஜோடியையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாமா?

வைக்காமல் இருப்பது நல்லது. ஓரடி நகர்ந்தாலே பேஸ் மாறிவிடும், அதை நீங்கள் ஸ்பீக்கரின் குணம் என்று எழுதிக்கொள்வீர்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து அதன் முகப்பு 86 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் மோதித் திரும்பும் ஒலி 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் ஒலியோடு மோதி அதைக் குறைத்துவிடும். தூரத்தைக் குறைத்தால் இந்தப் பள்ளம் மேல் அதிர்வெண்ணுக்குப் போகும், கூட்டினால் கீழே இறங்கும். எனவே தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, ஒரே இடத்தில் ஒன்றை எடுத்து மற்றொன்றை வையுங்கள்.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் அது அநியாயம். கேஇஎஃபுக்கும் கிளிப்ஷுக்கும் போர்ட் (பெட்டியின் காற்றுத் துளை) பின்பக்கம் இருக்கிறது. சுவரை ஒட்டி வைத்தால் மூச்சு முட்டும். மூடிய பெட்டியான ஹார்பெத் சுவருக்குக் கொஞ்சம் அருகில் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதனால் முதல் சுற்று ஒரே இடத்தில், இரண்டாவது சுற்று அவரவருக்குப் பிடித்த இடத்தில். இரண்டு சுற்றிலும் ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டில்தான் நிற்கப் போகிறது என்றால், மூன்றாவது சுற்று அங்கேயே. வாழப்போகும் இடத்தில் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஸ்டீரியோவில் கேட்பதா, ஒன்றை மட்டும் கேட்பதா?

முதலில் ஒன்றை மட்டும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும் பிறகு ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்திலும் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்த ஃப்ளாய்ட் டூல் கண்டது இது: ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கும்போது குறைகள் சட்டென்று தெரிகின்றன, ஸ்டீரியோவாக்கினால் இட வல விரிவின் அழகு அந்தக் குறைகளை மூடிவிடுகிறது. மோனோவில், அதாவது ஒற்றை ஸ்பீக்கரில், ஒலியின் நிறத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு ஸ்டீரியோவில் விரிவைக் கேளுங்கள். கேஇஎஃபின் பெருமை முழுவதும் அந்த இரண்டாவது கட்டத்தில்தான் வெளிப்படும்: பாடகர் நடுவில் அசையாமல் நிற்பார், நீங்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாலும் குரலின் நிறம் மாறாது.

எதைப் போட்டுக் கேட்டால் வித்தியாசம் தெரியும்?

நேரில் கேட்டுப் பழகிய ஒலியை. நமக்கு அந்த அதிர்ஷ்டம் நிறையவே இருக்கிறது, கச்சேரி மேடையும் கோயில் பிராகாரமும் பக்கத்தில் இருப்பதால்.

மிருதங்கத்துக்கு இணையான சோதனைக் கருவி எனக்குத் தெரிந்து இல்லை. சாதாரணத் தோல் வாத்தியத்தின் மேல்தொனிகள் (அடித்தொனியோடு சேர்ந்து எழும் மேல் அதிர்வுகள்) சுருதியோடு சேராது. மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் பூசும் கருப்புச் சோறு தோலின் நடுவைக் கனமாக்கி அந்த மேல்தொனிகளைச் சுருதிக்குக் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் இதைப் பற்றி 1920லேயே நேச்சர் இதழில் எழுதினார். பிறகு விரிவாக ஆராய்ந்து, ஐந்தாவது வரை அவை ஒழுங்காக அமைவதைக் காட்டினார். அதனால்தான் ஸ்பீக்கர் ஓர் இடத்தில் தன் பெட்டியின் அதிர்வைச் சேர்த்தால்கூட வலந்தலை அடியின் சுருதி கலங்கிவிடுகிறது. 'நம்', 'தின்', 'சாப்பு' மூன்றும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் தன் சுருதியோடு கேட்கிறதா? இடது பக்கமான தொப்பியில் கும்கி (கையை அழுத்தித் தேய்த்து எழுப்பும் வளைந்த ஒலி) இழுக்கும்போது அந்த வளைவு கடைசிவரை தெரிகிறதா, இல்லை 'பும்' என்று ஒரே கட்டியாக விழுகிறதா? தனி ஆவர்த்தனத்தின் வேகமான ஃபரன்களில் கிளிப்ஷ் காட்டும் அந்த விரல் வேகம் மற்ற இரண்டிலும் கொஞ்சம் அடங்கித்தான் வருகிறது. ஹார்பெத்தில் தோலும் மரமும் தெரியும், ஆனால் வித்வான் பத்தடி பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார்.

தம்புரா இன்னொரு பொக்கிஷம். விடாமல் ஒலிக்கும், மேல்தொனிகள் அடுக்கடுக்காக இருக்கும். ஸ்பீக்கர் மாற்றிய அந்த நொடியிலேயே நிறம் மாறியது தெரிந்துவிடும். ஒரு கட்டை சுருதியில் பாடுபவருக்கான தம்புராவின் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். ஹார்பெத்தும் கேஇஎஃபும் அவ்வளவு கீழே முழு பலத்தோடு இறங்குவதில்லை. ஆனாலும் ஸட்ஜம் நமக்குக் கேட்கிறது, ஏனென்றால் 131, 196 என்று மேலே போகும் தொனிகளிலிருந்து அடித்தொனியை மூளை கட்டிக்கொள்கிறது. சின்ன ஸ்பீக்கரில் தம்புரா மெலிந்து ஒலிக்கலாம், தொலைந்து போவதில்லை.

குரலுக்கு, அடித்தொண்டையில் பாடும் ஆண் குரல் ஒன்றும், ச, ஸ நிறைய வரும் பெண் குரல் ஒன்றும் போதும். நாதஸ்வரத்தைக் கடைசியில் போடுங்கள். மண்டபத்தில் கேட்கும் அந்தச் சத்தத்துக்கு அருகே போக முயன்றால் எந்த ஸ்பீக்கர் முதலில் திணறுகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரே ஒரு பதிவை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பதிவிலேயே ச, ஸ கூசினால் நல்ல ஸ்பீக்கர் அதை உள்ளபடி காட்டும். எல்லாப் பதிவிலும் கூசினால்தான் ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டும்.

கேட்டதை எப்படிக் குறித்துக்கொள்வது?

"நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் அடுத்த வாரம் உங்களுக்கே புரியாது. குரல் கனத்து மார்பிலிருந்து வருவது போல் இருந்தால் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை கூடுதல். அண்டாவுக்குள் பேசுவது போல் இருந்தால் 300 முதல் 500. பாடகர் முகத்துக்கு நேரே வந்து நின்றால் 2,000 முதல் 4,000 வரை தூக்கல். பின்வாங்கி நின்றால் அங்கே பள்ளம். ச, ஸ பல்லைக் கூசினால் 6,000க்கு மேலே. இப்படி எழுதி வைத்தால், ஒரு ஸ்பீக்கர் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வது தானாகத் தெரியவரும். அதுதான் அதன் குணம்.

கண்ணால் பார்க்காமல் கேட்க வேண்டும் என்கிறார்களே, அவ்வளவு அவசியமா?

அவசியம். 1994இல் டூலும் அவருடன் ஹார்மனில் பணியாற்றிய ஷான் ஆலிவும் ஹார்மன் ஊழியர்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். அதே ஆட்கள், அதே நான்கு ஸ்பீக்கர்கள். திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது போட்ட மதிப்பெண்ணும் பார்த்துக்கொண்டே கேட்டபோது போட்ட மதிப்பெண்ணும் மாறின. பெரிதாக, விலை அதிகமாகத் தெரிந்தவற்றுக்கு மதிப்பெண் கூடியது. சிறியதாக, மலிவாகத் தெரிந்ததற்குக் குறைந்தது. தொழிலே ஸ்பீக்கர் என்று இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால் நமக்கு?

வீட்டில் செய்வது எளிது. கொடியில் ஒரு மெல்லிய மல் வேட்டியைத் தொங்கவிட்டு அதன் பின்னால் ஸ்பீக்கரை வையுங்கள். துணி வழியாக ஊதினால் காற்று தாராளமாகப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனால் ஒலியும் போகும். மாற்றி வைக்கும் வேலையைத் தம்பியிடமோ மகளிடமோ கொடுங்கள். மாற்றும்போது நீங்கள் அறைக்கு வெளியே. எது எது என்று கடைசிவரை அவர்கள் சொல்லக் கூடாது.

விரைவாக மாற்றிக் கேட்பதா, வாரக்கணக்கில் கேட்பதா?

இரண்டும் வேண்டும், இரண்டும் வேறு வேலை. நிறத்தின் நுட்பமான வித்தியாசம் நினைவில் சில நொடிகள்தான் தங்கும். அதற்கு அரை நிமிடத் துண்டுகளை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துத் தலை வலிக்கிறதா என்பது நாட்கணக்கில் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும்.

புது ஸ்பீக்கர் பழகப் பழக மாறும் என்கிறார்கள். வயரும் முக்கியமா?

கோனைப் பிடித்திருக்கும் விளிம்பு ஓட்டத்தில் கொஞ்சம் இளகும், உண்மைதான், மாற்றம் சிறியது. பெரும்பாலும் பழகுவது உங்கள் காது. முதல் நாளே பிடிக்காத கூச்சல் மாதக்கணக்கில் ஓட்டினால் போய்விடும் என்று நம்பி, திருப்பித் தரும் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

வயருக்கு, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ரெண்டரை எம்எம் செம்பு வயர் போதும். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்வரும் மொத்த மின்தடை சுமார் 0.07 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. மிச்சமாகும் பணத்தை நல்ல ஸ்டாண்டுக்கும் திரைச்சீலைக்கும் செலவழியுங்கள்.

இரவில் மெதுவாக வைத்துக் கேட்பேன். அப்போதும் இதே முடிவுதானா?

இல்லை. சத்தம் குறையக் குறைய நம் காது பேஸைத்தான் முதலில் இழக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து காட்டினார்கள். பகலில் பேஸ் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்த ஸ்பீக்கர் இரவில் சரியாக இருக்கும். நீங்கள் அதிகம் கேட்பது ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் என்றால் அந்த அளவிலேயே ஒப்பிடுங்கள்.

சரி, இந்த மூன்றில் உங்கள் தேர்வு எது?

சின்ன அறை, வாய்ப்பாட்டு, வீணை என்றால் ஹார்பெத். அதில் கேட்ட குரலை மனம் குரலாகவே ஏற்றுக்கொள்கிறது, இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். எல்லா வகைப் பாட்டும் கேட்பவர், சுவரிலிருந்து தள்ளி ஸ்டாண்டில் வைக்க இடமுள்ளவர் கேஇஎஃபை எடுக்கலாம். ஆனால் அதன் மின்தடை சில இடங்களில் 3.5 ஓம் வரை இறங்கும், தெம்பான ஆம்ப் வேண்டும். பெரிய ஹால், சினிமா, தவில் நாதஸ்வரம், அல்லது குறைந்த வாட் வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்குக் கிளிப்ஷ்.

இருபது முப்பது வருடப் பழைய ஸ்பீக்கரைப் புதியதோடு ஒப்பிடலாமா?

அது முதலில் பழைய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோம் விளிம்பு உள்ள வூஃபர் என்றால் கடலோர ஊரின் ஈரப்பதத்தில் அது பிசுபிசுத்து உதிர்ந்திருக்கும். விரலால் மெல்லத் தொட்டாலே தெரியும். ரப்பர் விளிம்பு நெடுநாள் தாங்கும். ஒலியை ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் சுற்றில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருந்தால் ட்வீட்டர் மங்கும், அதை 'அந்தக் காலத்து இனிமை' என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. மோனோ பாட்டு ஒன்றைப் போட்டு இடதையும் வலதையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இல்லையென்றால் முதலில் பழுது பார்க்கக் கொடுங்கள், ஒப்பீட்டை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.